அனிலினை நீக்கிய எண்ணெய்: ஸ்பெயின் 1981 – ஒரு நிகழ்வு ஆய்வு

1981 மே 1 அன்று, மாட்ரிட் நகரை ஒட்டிய தோரெஹோன் தே ஆர்தோஸ் என்ற ஊரைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தான். அடுத்த சில வாரங்களில் மாட்ரிட்டின் உழைக்கும் மக்கள் வாழும் புறநகர்களிலிருந்தும், வடமேற்கே காஸ்டில்–லியோன் பகுதியின் சிற்றூர்களிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் காய்ச்சல், இருமல், தோல் தடிப்பு, நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியவற்றோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மருத்துவர்கள் இதை வழக்கத்துக்கு மாறான நிமோனியா என்று எடுத்துக்கொண்டார்கள். மைக்கோபிளாஸ்மா, லீஜியோனெல்லா போன்ற கிருமிகளைத் தேடினார்கள், எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். பலன் இல்லை. நோய்க்குக் காரணம் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, மேசையிலிருந்து விழுந்தாலே செத்துவிடும் அளவுக்குச் சிறியது என்று சுகாதார அமைச்சர் ஹெசூஸ் சாஞ்சோ ரோஃப் பேசியது ஸ்பானிய மக்களின் நினைவில் இன்றும் இருக்கிறது.

நோயாளிகளின் ரத்தத்தில் வேறொரு செய்தி இருந்தது. ஈசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்கள் பலருக்கு மிக அதிகமாகப் பெருகியிருந்தன. பாக்டீரியாத் தொற்றில் இவை இப்படிப் பெருகுவது வழக்கமில்லை. ஒவ்வாமை, ஒட்டுண்ணி, நஞ்சு என்ற திசையில்தான் இது கைகாட்டும். கூடவே நோய் குடும்பம் குடும்பமாகத் தாக்கியதே தவிர, பள்ளி வகுப்பறை வழியாகவோ தொழிற்கூடம் வழியாகவோ பரவவில்லை. காற்றில் பரவும் கிருமி இப்படி நடந்துகொள்ளாது.

முடிச்சை அவிழ்த்தவர் மாட்ரிட்டின் நீன்யோ ஹெசூஸ் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் ஹுவான் மானுவேல் தபுவென்கா. அவரிடம் வந்த நோயாளிகளில் தாய்ப்பாலும் புட்டிப்பாலும் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகள் இல்லை. அப்படியானால் குடும்பத்தில் மற்ற எல்லோரும் உண்டு, கைக்குழந்தை மட்டும் உண்ணாதது எது? பெற்றோர்களிடம் உணவைப் பற்றித் துருவிக் கேட்டபோது, நோயுற்ற பிள்ளைகளின் வீடுகள் அனைத்திலும் ஒரே பொருள் இருந்தது. தெருவில் வண்டியில் வந்து விற்றவர்களிடமும் வாரச் சந்தைகளிலும் மலிவாக வாங்கிய சமையல் எண்ணெய், சீட்டு ஒட்டாத ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில். விற்றவர்கள் அதை ஆலிவ் எண்ணெய் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ஜூன் 10 அன்று தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஒளிபரப்பானது. அதன் பிறகு புதிய நோயாளிகளின் எண்ணிக்கை விரைவாகச் சரிந்தது. தபுவென்காவின் கண்டுபிடிப்பு அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியானது.

மொத்தம் ஏறத்தாழ 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். தொடக்க ஆண்டுகளிலேயே 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குத் தசைவலி, நரம்புத் தளர்ச்சி, தோல் இறுகிப்போதல், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன.

இந்த நிகழ்வை நான் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது ஆய்வகத்தின் பார்வையிலிருந்து. கலப்படத்தைக் கண்டறிய என்னென்ன முறைகள் இருந்தன, அவற்றால் எது தெரிந்தது, எது தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்பதே கேள்வி.

கேனுக்குள் என்ன இருந்தது

அந்த எண்ணெயின் பெரும்பகுதி ரேப்சீட் எண்ணெய். ரேப்சீட் கடுகுக் குடும்பத்துச் செடி. இன்று கனோலா என்று விற்கப்படுவது அதிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த வகை. அன்றைய ஸ்பெயின் தன் ஆலிவ் விவசாயிகளைக் காப்பதற்காக, ரேப்சீட் எண்ணெய் உணவுக்காக நாட்டுக்குள் வருவதைத் தடுத்து வைத்திருந்தது. எஃகுத் தொழில் போன்ற தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும் இறக்குமதி செய்யலாம். அப்படி வரும் எண்ணெய் சமையலறைக்குத் திரும்பிவிடாமல் இருக்க, அதில் 2 சதவீதம் அனிலின் கலக்கப்பட வேண்டும். அனிலின் சாயத் தொழிலின் மூலப்பொருள். நெடியும் நஞ்சும் உள்ளது. கலந்துவிட்டால் யாரும் உண்ணமாட்டார்கள் என்பது கணக்கு.

பிரான்சிலிருந்து இப்படி அனிலின் கலந்து வந்த எண்ணெயை வணிகர்கள் சிலர் வாங்கி, சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அனிலின் பெரும்பாலும் நீக்கப்பட்டது. நிறமும் நெடியும் போன எண்ணெய் வேறு எண்ணெய்களோடு கலக்கப்பட்டு, ஆலிவ் எண்ணெய் என்ற பெயரில் தெருவுக்கு வந்தது.

உண்ணத் தகாதது என்று அடையாளம் காட்டுவதற்காகவே ஒரு பொருள் சேர்க்கப்பட்டது. மோசடி செய்தவர்கள் குறிவைத்தது அந்த அடையாளத்தை. அனிலின் இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் ஆய்வகம் இந்த எண்ணெயைத் தேறவைத்திருக்கும். அனிலினை விரட்டிய சூடே எண்ணெய்க்குள் புதிய சேர்மங்களை உண்டாக்கியிருந்தது.

இது ஆலிவ் எண்ணெய்தானா?

முதல் கேள்விக்கு 1981-இலேயே விடை சொல்ல முடிந்திருக்கும். ஆலிவ் எண்ணெயில் ரேப்சீட்டை மறைத்து வைப்பது எளிதல்ல.

அடிப்படைச் சோதனை கொழுப்பு அமிலங்களின் விகிதம். எண்ணெயை மெத்தனால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு மெத்தில் எஸ்டர்களாக மாற்றி, கேஸ் குரோமட்டோகிராபிக் கருவியில் செலுத்தினால் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் தனித்தனிச் சிகரமாக வரும். ஆலிவ் எண்ணெயில் ஓலியிக் அமிலம் 55 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 70-ஐத் தாண்டியும் இருக்கும். லினோலெனிக் அமிலம் 1 சதவீதத்துக்கு உட்பட்டு இருக்கும். ரேப்சீட்டில் லினோலெனிக் அமிலம் 8 முதல் 10 சதவீதம். எனவே பத்தில் ஒரு பங்கு ரேப்சீட் கலந்தாலே லினோலெனிக் சிகரம் எல்லையைத் தாண்டிவிடும். பழைய புத்தகங்கள் ரேப்சீட்டுக்கு எரூசிக் அமிலத்தை அடையாளமாகச் சொல்லும். ஆனால் 1970களின் இறுதியில் ஐரோப்பிய விவசாயம் எரூசிக் குறைந்த வகைகளுக்கு மாறிவிட்டது. அந்தச் சிகரத்தை மட்டும் நம்பியிருப்பவர் ஏமாந்திருப்பார்.

இதைவிடக் கூர்மையான கருவி ஸ்டீரால் சோதனை. ஸ்டீரால்கள் எண்ணெயில் சிறு அளவில் இருக்கும், கொலஸ்ட்ரால் இனத்தைச் சேர்ந்த பொருள்கள். தாவர எண்ணெய்கள் ஒவ்வொன்றிலும் அவற்றின் கலவை வேறு. பிராசிக்காஸ்டீரால் கடுகுக் குடும்பத்துக்கே உரியது. ஆலிவ் எண்ணெயில் அது கிட்டத்தட்ட இல்லை. சோதனை பொறுமை கேட்கும். எண்ணெயை ஆல்கஹால் கலந்த காரத்தில் காய்ச்சிச் சோப்பாக்க வேண்டும். சோப்பாகாமல் எஞ்சும் சிறு பகுதியை ஈதரில் பிரித்தெடுத்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஓடவிட்டு, புற ஊதா ஒளியில் தெரியும் ஸ்டீரால் பட்டையைச் சுரண்டி எடுத்து, பிறகு குரோமட்டோகிராபிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. ரேப்சீட் எண்ணெயில் கிலோவுக்கு ஏறத்தாழ 7,000 மில்லிகிராம் ஸ்டீரால் இருக்கிறது என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு பிராசிக்காஸ்டீரால் என்றும் வைத்துக்கொள்வோம். ஆலிவ் எண்ணெயில் மொத்த ஸ்டீரால் 1,500 அளவில் இருக்கும். வெறும் 1 சதவீதம் ரேப்சீட் கலந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் பிராசிக்காஸ்டீரால் நுழைகிறது. மொத்த ஸ்டீராலில் அது 0.4 சதவீதத்தைத் தாண்டும். இன்றைய சர்வதேச எல்லை 0.1 சதவீதம். சுத்திகரிப்பில் ஸ்டீரால் கொஞ்சம் குறைந்தாலும் இந்த அடையாளம் அழிவதில்லை.

ஆக, மாட்ரிட் தெருக்களில் விற்ற கேன்களில் ஒன்று ஏப்ரல் மாதத்தில் ஒரு நல்ல ஆய்வகத்துக்குப் போயிருந்தால், இது ஆலிவ் எண்ணெய் அல்ல என்று எழுதித் தந்திருப்பார்கள். அனுப்புவார் இல்லை. சீட்டில்லாத கேனுக்கு உற்பத்தியாளர் இல்லை, உரிமம் இல்லை. மாதிரி எடுக்க வரும் அதிகாரியின் பட்டியலில் அது இடம்பெறாது. மோசடியின் முதல் பாதுகாப்பு வேதியியலில் இல்லை, அந்தச் சீட்டில்லாத கேனில் இருந்தது.

நஞ்சு எது?

இரண்டாவது கேள்வி இதைவிட மிகக் கடினமானது. ரேப்சீட் எண்ணெய் நஞ்சல்ல. உலகில் கோடிக்கணக்கானோர் உண்கிறார்கள். நீக்கப்பட்டதுபோக எஞ்சிய அனிலினும் இந்த நோயை விளக்கவில்லை. அனிலின் நஞ்சு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மாட்ரிட்டில் கண்ட நோய் அதுவல்ல.

நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்த எண்ணெயில் வேதியியலாளர்கள் முதலில் கண்டது கொழுப்பு அமில அனிலைடுகளை. அனிலினும் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலமும் வினைபுரிந்து பிறக்கும் சேர்மங்கள் இவை. ஓலியிக் அமிலத்தின் அனிலைடு அவற்றில் முதன்மையானது. எந்த இயற்கை எண்ணெயிலும் இவை இல்லை. ஆகவே அனிலைடு இருந்தால் அந்த எண்ணெய் ஒரு காலத்தில் அனிலின் கலக்கப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் அனிலைடுகளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வரவில்லை.

ஸ்பானிய வேதியியலாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே மற்றொரு சேர்மக் குடும்பத்தையும் சுட்டியிருந்தார்கள். அனிலின் கொழுப்பு அமிலத்தோடு நிற்காமல் எண்ணெயின் கிளிசரால் முதுகெலும்போடும் வினைபுரியும். அப்போது பிறப்பவை 3-(என்-ஃபீனைலமினோ)-1,2-புரொப்பேன்டையால் என்ற பொருளின் கொழுப்பு அமில எஸ்டர்கள். ஆய்வு இலக்கியத்தில் சுருக்கமாக பி.ஏ.பி. எஸ்டர்கள். இவற்றின் அளவு அனிலைடுகளைவிட மிகக் குறைவு. 1990களில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகம் திரவக் குரோமட்டோகிராபியையும் இரட்டை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியையும் இணைத்து இவற்றைத் தேடியது. எண்ணெய்க் கடலில் லட்சத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு என்ற அளவில் இருக்கும் மூலக்கூற்றை முதலில் எடையால் பிரித்து, பிறகு உடைத்து, உடைந்த துண்டின் எடையை மறுபடியும் பார்ப்பது இந்த முறை. நோயுற்ற வீடுகளின் எண்ணெயையும் நோயில்லாத வீடுகளின் எண்ணெயையும் ஒப்பிட்டபோது, அனிலைடுகளைவிட பி.ஏ.பி. எஸ்டர்களே நோயோடு வலுவாகத் தொடர்புகொண்டிருந்தன.

அடுத்த படி பிறப்பிடம். அனிலின் கலந்த ரேப்சீட் எண்ணெயைச் சோதனைச்சாலையில் சுத்திகரித்துப் பார்த்தவர்கள், பி.ஏ.பி. எஸ்டர் உருவாவதை இரண்டு காரணிகள் தீர்மானிப்பதைக் கண்டார்கள். அனிலினோடு எண்ணெய் எத்தனை காலம் கிடங்கில் இருந்தது என்பது ஒன்று. நெடி நீக்கும் கட்டத்தில் எவ்வளவு சூடேற்றப்பட்டது என்பது மற்றொன்று. எல்லா ஆலைகளும் ஒரே மாதிரி சூடேற்றவில்லை. எண்ணெய் கைமாறிய வழியைப் பின்னோக்கித் தேடிய ஆய்வு, நச்சு எண்ணெய் செவில்லே நகரின் ஒரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கிளம்பியதைக் காட்டியது. அதே பிரெஞ்சு எண்ணெய், அதே 2 சதவீத அனிலின். வெவ்வேறு ஆலைகளில் விளைவு வேறானது.

இங்கே ஆய்வகத் தொழிலைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கலப்படச் சோதனை என்றதும் நம் மனம் சேர்க்கப்பட்ட பொருளைத் தேடுகிறது. தேர்ந்த மோசடிக்காரர் சேர்த்த பொருளை மறைக்கவோ நீக்கவோ முயல்வார். அப்போது தேட வேண்டியது, அந்த மறைப்பு வேலை எண்ணெயில் விட்டுச்சென்ற தடயத்தை. ஆலிவ் எண்ணெய் ஆய்வாளர்கள் இதை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கன்னி ஆலிவ் எண்ணெய் என்பது பழத்தை அரைத்துப் பிரித்தது; வேதிப்பொருளோ அதிகச் சூடோ படக்கூடாது. மலிவான சுத்திகரித்த எண்ணெயை அதில் கலந்தால் கொழுப்பு அமில விகிதம் காட்டிக்கொடுக்காது, இரண்டும் ஆலிவ்தான். ஆனால் சுத்திகரிப்பில் வெளுக்கும் மண்ணும் சூடும் எண்ணெயின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. 1 கிராம் எண்ணெயை 100 மில்லி கரைப்பானில் கரைத்து 270 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் செலுத்தினால், அப்படிச் சிதைந்து பிறந்த மூன்று தொடர் இரட்டைப் பிணைப்புகள் ஒளியை உறிஞ்சும். உயர்தரக் கன்னி எண்ணெயில் இந்த மதிப்பு 0.22-ஐத் தாண்டக்கூடாது. அதைவிட நுட்பமானது ஸ்டிக்மாஸ்டாடையீன். பீட்டா-சிட்டோஸ்டீரால் சூட்டிலும் வெளுக்கும் மண்ணிலும் ஒரு நீர் மூலக்கூற்றை இழந்து இதுவாக மாறுகிறது. பழத்தில் இது இல்லை. உயர்தரக் கன்னி எண்ணெயில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், எங்கோ ஒரு சுத்திகரிப்பு ஆலை அந்தப் புட்டிக்குள் நுழைந்திருக்கிறது. பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பானால் எடுத்த எண்ணெயை எரித்ரோடையால், உவால் என்ற இரு பொருள்கள் காட்டிக்கொடுக்கும். சூரியகாந்தியை டெல்டா-7-ஸ்டிக்மாஸ்டெனால் காட்டிக்கொடுக்கும். நெடுங்காலம் தண்ணி காட்டியது ஹேசல்நட் எண்ணெய். அதன் கொழுப்பு அமில விகிதம் ஆலிவை அப்படியே ஒத்திருக்கும். எண்ணெயின் அடிப்படை மூலக்கூறுகளான ட்ரைகிளிசரைடுகளின் கணக்கிட்ட அளவையும் அளந்த அளவையும் ஒப்பிட்டுத்தான் ஓரளவு பிடிக்க முடிகிறது. இத்தகைய எல்லைகளை வகுக்கும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் தலைமையகம் மாட்ரிட்டில் இருக்கிறது. ஐரோப்பியச் சமூகத்தின் 2568/91 எண்ணுள்ள விதிமுறை 1991-இல் இந்தச் சோதனைகளில் பலவற்றைச் சட்டமாக்கியது.

பி.ஏ.பி. எஸ்டரும் ஸ்டிக்மாஸ்டாடையீனும் ஒரே வகைச் சாட்சிகள். இரண்டும் யாரும் சேர்க்காதவை, வேறொன்றை மறைக்கும் வேலையில் தாமாகப் பிறந்தவை.

எதை அடையாளமாகச் சேர்ப்பது?

சமையல் எண்ணெய்ப் பேரழிவுகளில் ஸ்பெயினை இரண்டு நிகழ்வுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொரோக்கோவின் மெக்னஸ் நகரில் 1959-இல் விமான எஞ்சின் மசகு எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேருக்குக் கைகால் செயலிழந்தது. அதில் இருந்த ட்ரைகிரெசைல் பாஸ்பேட்தான் காரணம். டெல்லியில் 1998-இல் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கும் நோய் பரவி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நஞ்சு அந்த விதையின் சாங்குவினரின். இரண்டிலும் கலந்த பொருளே நஞ்சு. அதைத் தேடினால் கிடைக்கும். ஸ்பெயினில் நஞ்சு இடையில் பிறந்தது.

அனிலினைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்பது என் உறுதியான எண்ணம். இந்தியாவில் வனஸ்பதியை நெய்யில் கலப்பதைப் பிடிக்க, வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நெய்யோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் அமிலம் சிவக்கும். போடோயின் சோதனை என்று பெயர். மூன்று பாட்டில், ஒரு சோதனைக்குழாய் போதும். விதியை மீறி வனஸ்பதி நெய்யில் கலந்தாலும் உண்டவருக்கு நல்லெண்ணெயால் கேடில்லை. ஸ்பெயினின் விதி எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மீறப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் இல்லை. உணவுக்குத் திரும்ப வாய்ப்புள்ள ஒரு பொருளில், வினைபுரியும் தன்மையுள்ள நஞ்சை அடையாளமாகக் கலப்பதை எந்த வேதியியலாளரும் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது.

வணிகர்கள் மீதான வழக்கு 1987-இல் தொடங்கி, 1989-இல் தீர்ப்பு வந்தது. 38 பேர் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். முதன்மையான இருவருக்கு 20, 12 ஆண்டுகள் சிறை. பின்னர் நடந்த இரண்டாவது வழக்கில், சுங்கத் துறையின் மத்திய ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர் கவனக்குறைவுக்காகத் தண்டிக்கப்பட்டார். 1997-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பை அரசின் மீதும் வைத்தது.

மாதிரிகளின் கதை

1981 ஜூன் 30 அன்று அரசு எண்ணெய் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐயத்துக்குரிய எண்ணெயைக் கொடுத்தால் தூய ஆலிவ் எண்ணெய் கிடைக்கும். மக்களின் சமையலறையிலிருந்து நஞ்சை வெளியேற்ற இது சரியான முடிவு. நான் அங்கே அதிகாரியாக இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இலவசமாக ஆலிவ் எண்ணெய் கிடைக்கும் இடத்துக்கு எல்லா வகை எண்ணெயும் வந்து சேரும். எந்தக் கேன் எந்த வீட்டுடையது, அந்த வீட்டில் யார் நோயுற்றார், யார் அதை உண்டார் என்ற விவரம் இல்லாத மாதிரியால், எத்தனை விலையுயர்ந்த கருவியைக் கொண்டும் நோயின் காரணத்தை நிறுவ முடியாது. பிற்கால ஆய்வுகளுக்கு உதவியவை, வரலாறு தெரிந்த சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளே. மாதிரியை எடுக்கும்போதே வீடு, நாள், வாங்கிய இடம், உண்டவர், உண்ணாதவர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கேனில் கட்டியிருந்தால், பி.ஏ.பி. எஸ்டர்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வலுவாகத் தெரிய 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருக்காது என்று நம்புகிறேன். நோயில்லாத வீட்டு எண்ணெயும் அதே கவனத்தோடு சேகரிக்கப்பட வேண்டும். ஒப்பிட மாதிரியில்லாத சிகரம் எதையும் சொல்லாது.

அமெரிக்காவில் 1989-இல் எல்-டிரிப்டோஃபான் என்ற அமினோ அமில மாத்திரை உண்டவர்களுக்கு ஈசினோஃபில் பெருக்கமும் கடும் தசைவலியும் கொண்ட நோய் பரவியது. ஸ்பானிய மருத்துவர்களுக்கு அது பழகிய நோயாகத் தெரிந்தது. அந்த மாத்திரைகளில் கண்ட மாசுகளில் ஒன்று 3-ஃபீனைலமினோ-அலனின், பி.ஏ.பி.க்கு வேதியியலில் நெருங்கிய உறவு. கல்லீரல் செல்கள் பி.ஏ.பி.யை இந்தப் பொருளாக மாற்ற வல்லவை என்றும் பின்னர் சோதனையில் தெரிந்தது. இரண்டு நாடுகள், இரண்டு பொருள்கள், ஒரே வகை மூலக்கூறு என்பதால் பி.ஏ.பி. மீதான ஐயம் வலுத்தது. ஆயினும் மனிதர்களிடம் கண்ட நோயை முழுதாகக் காட்டும் ஒரு சோதனை விலங்கு கிடைக்கவில்லை. எலிக்கும் சுண்டெலிக்கும் பன்றிக்குட்டிக்கும் அந்த எண்ணெயைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஆய்வு இலக்கியம் பி.ஏ.பி. எஸ்டரை நச்சு எண்ணெயின் அடையாளக் குறி என்றே எச்சரிக்கையோடு அழைக்கிறது, நஞ்சு அதுவேதான் என்று எழுதுவதில்லை.